ஊர்ட புள்ளிய ஆர் எடுத்த?

மனே, வா, இரி. அந்த வாங்கில இருக்காத, ஒரு கால் ஆட்டம். கதிரையில இரி. தேத்தண்ணி வாறதுக்குள்ள இந்தத் துண்டக் கொஞ்சம் பாரு. ஹாஜியார்ட மில்லில நேற்று உன்ட புரோகிராம் அடிச்சுத் தந்த பில். பேர் சரி. மூடைக் கணக்கு சரி. விலையும் சரி, அதுக்கு உனக்கொரு சபாஷ். இனி ஊரப் பாரு. "வினாயகபுரம". கடைசியில ஒரு புள்ளி இருந்திச்சே, அத ஆர் எடுத்த?

சிரிக்காத. மகரத்துக்குப் புள்ளி வச்சாத்தான் உதடு மூடும். நீ புள்ளிய எடுத்த நேரத்தில இருந்து எங்கட ஊர் வாயத் திறந்துகொண்டு நிக்குது, ஈ பூந்திரும்.

நடந்தது இதுதான். ஊர் எழுதுற பெட்டிக்கு நீ 10 எண்டு அளவு வச்சிருக்காய். நான் பள்ளிக்கூடத்தில படிச்ச கணக்குக்கு வி, னா, ய, க, பு, ர, ம் எண்டு 7 எழுத்து. 7 எப்பிடி 10க்குள்ள அடங்காமப் போகும்? மெஷின் வேற மாதிரி எண்ணுது. அதுக்கு "வி" ஒரு எழுத்தில்ல. வகரம் தனி, மேல போடுற வளைவு தனி. "னா"வுக்கு அரவு தனி. "பு"வுக்கும் ரெண்டு. "ம்"முக்கு மகரமும் புள்ளியும் வேற வேற ஆள். கூட்டிப் பாரு, 11 வரும். பத்தாவது ஆளோட நீ படலையச் சாத்திற்றாய், புள்ளி வெளிய நிண்டிற்று.

ஹாஜியார்ட ஊர் என்ன கதி எண்டு பாத்தியா? அக்கரைப்பற்று எங்களுக்கு 8 எழுத்து, மெஷினுக்கு 13. அது "அக்கரைப்பற" எண்டு விழுது. மனுசன் இன்னும் காணேல்ல. அவர் காண முதல் திருத்து. கண்டாரெண்டா அவர்ட வாயில இருந்து வாற தமிழுக்கு உன்ட பெட்டி ஒண்டும் காணாது.

நீ எந்த ஊர அடிச்சுச் சோதிச்சாய் எண்டு நான் சொல்லட்டா? கல்முனை. உன்ட ஊர். அது மெஷின்ட எண்ணத்திலயும் 7ல முடிஞ்சிரும். பெட்டியும் சரி, ஊரும் சரி, புரோகிராமும் சரி. எழும்பிப் போய் கொத்துரொட்டி திண்டிருப்பாய்.

கவலைப்படாத, பெரிய ஆக்களுக்கும் இது நடந்ததுதான். 2018 பெப்ரவரில ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோனப் படுத்தின பாடு உனக்குத் தெரியும்தானே. அந்த ஒரு எழுத்து மெசேஜில வந்தாப் போதும், மெசேஜ் காட்டுற செயலி பொத்தெண்டு விழும். திறந்தா திரும்பவும் விழும். ஆப்பிள் 11.2.6 எண்டு ஒரு திருத்தம் விட்டுத்தான் அடக்கினாங்க. தமிழுக்கும் தெலுங்குக்கும் யூனிகோட்ல 1991லயே இடம் குடுத்தாச்சு. இடம் குடுத்தவன் குடுத்திற்றான், வீட்டுக்குள்ள எடுத்தவன்தான் பாய் விரிக்க மறந்திற்றான்.

சரி, அடையாள அட்டைக்கு வருவம். இதத்தான் நான் ரெண்டு கிழமையா மனசுக்குள்ள வச்சுச் சிரிச்சுக்கொண்டிருக்கன்.

நெல்லுக் குடுக்கிற ஆளப் பதியிற நேரம் உன்ட புரோகிராம் அடையாள அட்டை நம்பரக் கேக்குது. நம்பரக் குடுத்தா பிறந்த திகதிய அதுவே எழுதிக்கொள்ளுது. கெட்டித்தனம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. முதல் நாள் என்ட நம்பர எடுக்கவே மாட்டன் எண்டிச்சு. 12 இலக்கம் வேணுமாம். மனே, 12 இலக்க நம்பர் 2016லதான் வந்த. அதுக்கு முதல் 9 இலக்கமும் பின்னால ஒரு வி எழுத்தும். 1972ல இருந்து நாடு முழுக்கக் குடுத்த அட்டை அது. எங்கட வயசு ஆக்கள்ட சட்டைப் பையில இண்டைக்கும் அதுதான், பிளாஸ்டிக் உரிஞ்சு, படத்தில இருக்கிறவன் ஆரெண்டே தெரியாம. நீ 2000ல பிறந்தவன். உனக்கு 12, உன்ட கூட்டாளிமாருக்கும் 12. நெல்லு விக்க வாறவன் எல்லாம் உன்ட வகுப்புக்காரன் எண்டு நினைச்சிற்றாய்.

அதத் திருத்தினாய். என்ட நம்பரும் போயிற்று. நான் பிறந்த 1951 டிசம்பர் 31. உன்ட புரோகிராம் யோசிச்சுப் பாத்திற்று 1952 ஜனவரி 1 எண்டு எழுதிச்சு. ஒரு வயசு குறைஞ்சதில எனக்கு நட்டமில்ல. பெஞ்சாதிக்கிட்டயும் காட்டினன், அவ நம்பேல்ல.

ஏன் அப்பிடி எண்டு நீ தேடினியோ இல்லையோ, நான் தேடினன். ஒலுவில் கம்பசில படிக்கிற என்ட பேத்தியும் நானும் கொப்பியும் பேனையும் எடுத்து இருந்தம். பழைய நம்பர்ட முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூண்டு, அந்த வருஷத்தில எத்தினையாம் நாள் எண்டது. இதுவரைக்கும் உனக்கும் தெரியும். தெரியாதது என்னெண்டா, அந்த நாள எண்ணுறவங்க எல்லா வருஷத்துக்கும் பெப்ரவரி 29 நாள் எண்டு வச்சுத்தான் எண்ணியிருக்காங்க. லீப் வருஷமோ இல்லையோ, அவங்களுக்கு ஒரே கணக்கு. அதால மார்ச் 1 எப்பவும் 61ஆம் நாள். டிசம்பர் 31 எப்பவும் 366ஆம் நாள். என்ட நம்பர் 51366 எண்டு தொடங்குது. உன்ட புரோகிராம் 1951 ஜனவரி 1ல இருந்து 366 நாள் எண்ணிக்கொண்டு போனிச்சு. 1951ல இருந்தது 365 நாள்தான். மிஞ்சின ஒரு நாளைக்காக என்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த வருஷத்துக்குப் பாய்ஞ்சிற்று.

இதில இருக்கிற பகிடியப் பாரு. ஜனவரி, பெப்ரவரில பிறந்தவனுக்குப் பிழை வரா. லீப் வருஷத்தில பிறந்தவனுக்கு எந்த மாசமெண்டாலும் வரா. நீ பிறந்த 2000 லீப் வருஷம். உன்ட நம்பர வருஷம் முழுக்கப் போட்டுப் பாத்தாலும் புரோகிராம் தங்கம் மாதிரி ஓடும். மத்த மூண்டு வருஷத்திலயும் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த சனம் எல்லாம் ஒரு நாள் பிந்திப் பிறந்ததா உன்ட மில்லுக் கணக்கில பதிஞ்சு கிடக்கு.

பிறகு பெஞ்சாதிட நம்பரப் போட்டன். "பிழையான இலக்கம்" எண்டு சிவப்பில எழுதிச்சு. அவ என்னைப் பாத்தா, நான் மெஷினப் பாத்தன். பொம்புளையளுக்கு நாள் எண்ணிக்கையோட 500 கூட்டித்தான் நம்பர் குடுக்கிற. மார்ச் 1ல பிறந்த பொம்புளைக்கு 561. உன்ட புரோகிராம் 366க்கு மேல ஒண்டையும் எடுக்காது. ஏன்டா மனே, இந்தக் கரையில பொம்புளையளுக்கு எவ்வளவு காணி சீதனமாக் கிடக்கெண்டு உனக்குத் தெரியாதா? நெல்லு அவங்கட பேர்லதான் வருது. உன்ட உம்மாட அட்டைய ஒருக்கா வாங்கிப் போட்டுப் பாத்திருந்தா அண்டைக்கே பிடிபட்டிருக்கும். உம்மாட அட்டை அலுமாரிக்குள்ள, நீ அறைக்குள்ள, கதவு பூட்டு.

நாள் கணக்கில சறுக்கினது நீ மட்டும் இல்ல எண்டதையும் சொல்லத்தான் வேணும், இல்லாட்டி அழுதிருவாய். 100ஆல பிரியிற வருஷம் 400ஆலயும் பிரிஞ்சாத்தான் லீப். அப்ப 1900 லீப் இல்ல. லோட்டஸ் 1-2-3 எண்டு அந்தக் காலத்துக் கணக்குப் புரோகிராம் அத லீப் எண்டு வச்சிற்று. பிறகு வந்த எக்செல், லோட்டஸ் கோப்பெல்லாம் சரியாத் திறக்கவேணும் எண்டு அந்தப் பிழையத் தெரிஞ்சுகொண்டே எடுத்து வச்சிற்று. இண்டைக்கும் எக்செல்ல 1900 பெப்ரவரி 29 எண்டு ஒரு நாள் இருக்கு. உலகத்தில அண்டைக்குப் பிறந்தவனும் இல்ல, செத்தவனும் இல்ல.

எங்கட வட்டவிதானை தண்ணி திறக்க முதல் வாய்க்கால் கட்டால நடக்கிறதப் பாத்திருக்கியா? கையில ஒரு மண்வெட்டி. நேராக் கிடக்கிற கட்ட அவன் திரும்பியும் பாக்கிறதில்ல. நண்டு வளை தோண்டின மூலையில நிப்பான். மாடு இறங்கித் தண்ணி குடிக்கிற சரிவில நிப்பான். போன போகம் உடைச்சு, மண் போட்டு அடைச்ச இடத்தில காலால ரெண்டு உதை குடுத்துப் பாப்பான். நீ என்ன செய்யிறாய் எண்டா, நேரான கட்டு முழுக்க நடந்து வந்து, "கட்டு நல்ல பலம் மாமா" எண்டு சொல்லுறாய்.

புரோகிராம்ல நண்டு வளை எங்கயெண்டு கேப்பாய். அளவு 10 எண்டு நீயே வச்ச இடத்தில 9, 10, 11 மூண்டையும் போட்டுப் பாரு. பூச்சியம் போடு. ஒண்டுமே எழுதாம அழுத்து. மாசக் கடைசி, வருஷக் கடைசி, பெப்ரவரி 29. மூடை எண்ணிக்கையில தவறிப்போய் தொலைபேசி நம்பர எழுது, மில்லு கவுண்டர்ல இருக்கிற புள்ள அவசரத்தில அதத்தான் செய்யும். கிளென்போர்ட் மையர்ஸ் எண்டு ஒருத்தர் 1979ல சோதனையப் பற்றி ஒரு புத்தகம் எழுதினவராம், பேத்தி வாசிச்சுக் காட்டினாள். பிழையக் கண்டுபிடிக்கிற சோதனைதான் வெற்றியான சோதனை எண்டது அந்த மனுசன்ட கட்சி. உன்ட கட்சி, ஒண்டும் காணாம வீட்ட போறதுதான் வெற்றி.

இனிப் பேர்ட கதை. "முதற் பெயர்", "கடைசிப் பெயர்" எண்டு ரெண்டு பெட்டி வச்சிருக்காய். இந்த ரோட்டில ஆருக்கடா கடைசிப் பேர்? எங்கட ஆக்களுக்கு முன்னால அப்பன்ட முதலெழுத்து ஒண்டு. உங்கட ஆக்களுக்கு மூண்டு. ஏ.எல்.எம்., யூ.எல்.எம்., எம்.ஐ.எம். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில நிண்டு "எம்.ஐ.எம்." எண்டு ஒரு சத்தம் போட்டா ஓடுற பஸ்ஸே நிக்கும். அந்த முதலெழுத்துகள எங்க எழுதுற எண்டு தெரியாம கவுண்டர்ல இருக்கிற புள்ள ஒரு நாள் முன்பெட்டியில எழுதுது, ஒரு நாள் பின்பெட்டியில எழுதுது. முகம்மது, முஹம்மது, முகமது எண்டு எழுதுறவர்ட கைக்கேத்த மாதிரி மாறும். உன்ட தேடுற பெட்டிக்கு அவங்க மூண்டு ஆள். மூண்டு ஆளுக்கும் கடன் ஒண்டுதான், அதுவும் மூண்டாப் பிரிஞ்சு கிடக்கு.

அகர வரிசையப் பற்றி நீ யோசிச்சிருக்கவே மாட்டாய். யூனிகோட்ல எழுத்துகள் கிடக்கிற வரிசை நாங்க படிச்ச வரிசை இல்ல. சகரத்துக்குப் பின்னாலயே ஜகரம் வந்து நிக்கும். நகரத்துக்குப் பக்கத்தில னகரம், ரகரத்துக்குப் பக்கத்தில றகரம். நீ மெஷின்ட வரிசையில அப்பிடியே அடுக்கிவிட்டிற்றாய். அந்தப் புள்ள பள்ளிக்கூடத்தில படிச்ச மாதிரி ஜமால்தீன் எண்ட பேர வடவெழுத்துக் கிடக்கிற பட்டியல்ட அடியில போய்த் தேடிச்சு, காணேல்ல. புதுசாப் பதிஞ்சிச்சு. இப்ப ஜமால்தீன் ரெண்டு. முற்பணம் வாங்கின ஜமால்தீன் மேல இருக்கார், நெல்லுக் குடுத்த ஜமால்தீன் கீழ இருக்கார். அவர் வந்து கணக்குக் கேட்ட அண்டைக்கு மில்லில நடந்தத நான் இங்க சொல்லமாட்டன், தேத்தண்ணி நேரம்.

பழைய பட்டியலயும் அப்பிடியே தூக்கிப் போட்டாய். அது பாமினியில அடிச்சது. இந்த நாட்டில கலியாணக் காட்டில இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் பாமினிதான் ஆண்டது. பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில "வணக்கம்" எண்டது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி எண்டு நிக்கும். மாத்தித் தாற கருவி எத்தினையோ கிடக்கு, சும்மா. நீ ஒருக்கா மாத்திப் பாத்திருந்தா, எங்கட ஊர்க் கிழவன்மார் எல்லாம் ரஷ்யாக்காரன்ட பேரோட திரிஞ்சிருக்கத் தேவையில்ல.

நெல் இனம் எழுதுற பட்டியல எக்செல்ல செய்தாய்தானே. நான் பாக்கிற நேரம் 11-11 எண்டு அடிச்சன். பத்தலகொடையில உண்டாக்கின பழைய இனம், நாங்க வாலிப வயசில விதைச்ச நெல். எக்செல் அத நவம்பர் 11 எண்டு மாத்திற்று. நெல்லுக்குப் பிறந்தநாள் கொண்டாடுது. நீ சிரிக்கிறாய், ஆனா இது விஞ்ஞானிமாரையும் விடேல்ல. மரபணு ஒண்டுக்கு மார்ச்1 எண்டு பேர், இன்னொண்டுக்கு செப்ட்2 எண்டு பேர். அடிச்ச உடன எக்செல் திகதியா மாத்திப்போடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குள்ளயும் திகதிகள் போய்க் குந்திற்று. கடைசியில 2020ல மரபணுக்குப் பேர் வைக்கிற குழு, மரபணுட பேரையே மாத்திற்று. மார்ச்1 இப்ப மார்ச்எஃப்1. மனுசன்ட உடம்புக்குள்ள கிடக்கிறதுக்குப் பேர் மாத்துறது லேசு, எக்செல்ட குணத்த மாத்துறதுதான் கஷ்டம் எண்டு அவங்களுக்கே விளங்கிற்று.

காசுக்கு வருவம். இதில நான் கொஞ்சம் கவனமாக் கதைக்கவேணும், ஹாஜியார் எனக்கும் கூட்டாளி.

நெல்லு வாங்கிற பக்கம், ஈரக் கழிவு சாக்குக் கழிவெல்லாம் போக, விலையால பெருக்கினா கடைசியில சில்லறை வரும். உன்ட புரோகிராம் அந்தச் சில்லறைய வெட்டி எறியுது. அரிசி விக்கிற பக்கம் அதே சில்லறைய முழு ரூபாயா ஏத்துது. நீ வேணுமெண்டு செய்யேல்ல எண்டு எனக்குத் தெரியும். ரெண்டு இடத்தில ரெண்டு நாள் எழுதியிருப்பாய். ஆனா மனே, பிழை எண்டா அது இந்தப் பக்கமும் விழவேணும், அந்தப் பக்கமும் விழவேணும். எல்லாம் ஒரே மடிக்குள்ள போய் விழுந்தா வெள்ளாமைக்காரன் அதுக்கு வேற பேர் வைப்பான். சங்கக் கடையில நான் பேரேடு எழுதின காலத்தில, கணக்கு ஒரு பக்கமாச் சரிஞ்சா முதல்ல எழுதினவன்ட சாரன் மடியத்தான் பாப்பாங்க.

சில்லறைதானே எண்டு நினையாத. 1982ல கனடாவில வன்கூவர் பங்குச் சந்தை ஒரு சுட்டெண் தொடங்கிச்சு, 1000 எண்டு. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் திரும்பக் கணக்குப் பாத்து, மூண்டாம் தசமத்துக்குப் பின்னால கிடக்கிறத வெட்டி எறிஞ்சுகொண்டே போனாங்க. நாளைக்கு ஆயிரக்கணக்கான தரம் வெட்டினா என்ன ஆகும்? 1983 நவம்பர்ல அது 524ல வந்து நிண்டிச்சு. வெட்டாம எண்ணிப் பாத்தா 1098. வெட்டினது ஒவ்வொண்டும் உன்ட கண்ணுக்குத் தெரியாத துரும்பு. சந்தையில அரைவாசியத் திண்டிற்று.

அதுக்குப் பக்கத்திலயே இன்னொரு கோளாறு. நேற்று ஒருத்தன்ட கணக்கு முடிக்க ஏலாமக் கிடந்திச்சு. பாக்கி 0.00 எண்டு காட்டுது, முடிக்க விடுதில்ல. 0.00 பாக்கி எண்டா நான் எத தாற, நீ எத வாங்கிற? பேத்திதான் சொன்னாள். மெஷின் 0, 1 ரெண்டால மட்டும் எண்ணுறதால பத்தில ஒண்டு அதுக்கு முடியாத எண், எங்களுக்கு மூண்டில ஒண்டு 0.333 எண்டு ஓடிக்கொண்டே போற மாதிரி. அதால 10 சதமும் 20 சதமும் கூட்டினா 30 சதம் வராதாம். 0.3, அதுக்குப் பின்னால 15 பூச்சியம், அதுக்குப் பின்னால ஒரு 4 எண்டு வருமாம். அந்த 4 தான் எங்கட ஆள்ட கணக்க முடிக்க விடாம கதவில குந்திக்கொண்டிருக்கு. இதுக்கு மருந்து எங்கட காலத்துச் சங்கக் கடையிலயே இருந்திச்சு. எல்லாத்தையும் சதத்தில எழுது, முழு எண்ணா. அடிக்கிற நேரம் மட்டும் ரூபாயாக் காட்டு.

பத்தில ஒண்டு எண்டு நினைச்சு விட்டதில உசிரும் போயிருக்கு. 1991 பெப்ரவரி 25, சவூதியில தஹ்ரான். அமெரிக்காக்காரன்ட பேட்ரியட் ஏவுகணைட மணிக்கூடு பத்தில ஒரு செக்கனா எண்ணினது. ஒவ்வொரு எண்ணத்திலயும் ஒரு துளி வெட்டுப்பட்டு, 100 மணித்தியாலம் நிப்பாட்டாம ஓடின பிறகு செக்கன்ல மூண்டில ஒரு பங்கு பிந்திற்று. வந்த ஏவுகணைய அது காணேல்ல. 28 பேர் செத்தாங்க. திருத்தின புரோகிராம் அடுத்த நாள் போய்ச் சேந்திச்சு.

ம். தேத்தண்ணியக் குடி, ஆறுது.

பிழை வந்தா உன்ட புரோகிராம் என்ன செய்யுது? ஒரு சின்னப் பெட்டி வருது. "பிழை ஏற்பட்டுள்ளது." கீழ ஒரே ஒரு பொத்தான், ஓகே. எனக்கு ஓகே இல்லாட்டி எத அழுத்துற? என்ன பிழை, எழுதினது சேமிச்சாச்சா, திரும்பவும் எழுதவேணுமா, ஒண்டும் சொல்லுதில்ல. அந்தப் புள்ள உனக்குப் போன் எடுத்தா நீ சொல்லுறது ஒரே வேதம். "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க." அந்த வேதத்துக்குள்ள எத்தினை பிழை ஒளிச்சிருக்கும் தெரியுமா? விண்டோஸ் 95 நிப்பாட்டாம ஓடினா 49.7 நாளில உறைஞ்சு போகும். மில்லிசெக்கன் எண்ணுற பெட்டி நிரம்பி வழியிற நாள் அது. 1995ல வந்த புரோகிராம்ட அந்தக் கோளாறு 1999லதான் வெளிச்சத்துக்கு வந்திச்சு. அவ்வளவு நாள் விழாம ஓடின மெஷின் கிடைச்சாத்தானே கண்டுபிடிக்க!

கரண்ட் போற கதைய உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில இருந்த நாடு இது. பில் சேமிக்கிற நேரம் பாத்து வயர இழுத்துப் பாத்தியா? நான் இழுத்தன். அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் இழுத்தன். திரும்ப வந்தா, அண்டைய கணக்குக் கோப்பு பூச்சியம் பைட். பழைய கோப்புக்கு மேலயே நீ எழுதுறாய். புதுசா ஒரு கோப்பில எழுதி, முழுக்க எழுதி முடிஞ்ச பிறகு பழையதுட பேர அதுக்கு வை. நடுவில கரண்ட் போனா பழையதாவது மிஞ்சும்.

பிரதி எடுக்கிறதப் பற்றி ஒரே ஒரு சொல். ஒரு சங்கத்தில கணக்குக் கொப்பி ரெண்டு பிரதி வச்சிருந்தம், விதிப்படி. ரெண்டும் ஒரே அலுமாரி. 2004 டிசம்பர் 26 காலைக்குப் பிறகு அலுமாரியும் இல்ல, அலுமாரி இருந்த சுவரும் இல்ல. உன்ட பிரதி மில்லில, அதே மேசையில, அதே கம்பியூட்டர்ல டி டிரைவில கிடக்கு. மில் கடலுக்குத் தூரம்தான். கள்ளனுக்கு அவ்வளவு தூரமில்ல.

நான் இவ்வளவும் சொல்லக் காரணம் அந்தப் புள்ளதான். ஜமால்தீன்ட கணக்கு ஒக்காத அண்டைக்கு நீ போன்ல என்ன சொன்னாய்? "சிஸ்டம் சரி, அவதான் பிழையா அடிச்சிருக்கா." ஹாஜியார் அந்தப் புள்ளையப் பாத்த பார்வை எனக்குப் பிடிக்கேல்ல. இங்கிலாந்தில தபால் கந்தோருக்கு ஹொரைசன் எண்டு ஒரு கணக்குப் புரோகிராம் போட்டாங்க, 1999ல இருந்து. செய்தது புஜிட்சு கொம்பனி. ஊர்க் கடையோட தபால் கந்தோரும் நடத்துற சின்ன மனுசர், அதில எங்கட பக்கத்து நாட்டில இருந்து போய்க் குடியேறின ஆக்களும் கனபேர். புரோகிராம் காசு குறையுதெண்டு காட்டிச்சு. குறையேல்ல எண்டு சொன்ன ஒவ்வொருத்தருக்கும், உங்களுக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு மறுமொழி. சொந்தக் காசப் போட்டு அடைச்சாங்க. வீட்ட வித்தாங்க. 900க்கு மேல ஆக்கள் களவெண்டும் மோசடியெண்டும் குற்றவாளியானாங்க. 2010ல வயித்தில புள்ளையோட ஒரு பொம்புளைய மறியலுக்கு அனுப்பினாங்க. புரோகிராம்ல கோளாறு இருந்தது மெய்யெண்டு 2019 டிசம்பர்லதான் நீதிமன்றம் சொல்லிச்சு. 2024 மே மாசம் பாராளுமன்றம் சட்டம் போட்டுத்தான் நூற்றுக்கணக்கான தீர்ப்புகள ஒரேயடியா அழிச்சாங்க. அதுக்குள்ள செத்தவங்க செத்திற்றாங்க.

அதால நாளைக்கு மில்லுக்குப் போ. அந்தப் புள்ளைக்குப் பின்னால ஒரு கதிரையப் போட்டுக்கொண்டு இரி. வாயத் திறக்காத. "அங்க இல்ல, இங்க அழுத்துங்க" எண்டு சொல்ல நாக்கு துடிக்கும், பாக்கு ஒரு துண்டப் போட்டு அடக்கு. அது எங்க தடுமாறுதோ அத எழுதிக்கொள்ளு. எலி எங்க சுத்திச் சுத்தி நிக்குதோ, அந்த இடத்தில உன்ட பொத்தான் பிழையான இடத்தில கிடக்கு. அது சொல்லுறதக் குறைவா நினையாத. 2018 ஒக்டோபர்ல விண்டோஸ் 10ட புதுப்பிப்பு ஒண்டு சில ஆக்கள்ட கோப்புகள அப்பிடியே அழிச்சிற்று, மைக்ரோசொப்ட் அவசரமா நிப்பாட்டிச்சு. அத முன்கூட்டியே சோதிச்சுப் பாத்த ஆக்கள் கோப்புப் போகுதெண்டு முன்னமே எழுதிக் குடுத்திருந்தாங்க. வாசிக்க ஆளில்ல.

எனக்குக் கூலி ஒண்டும் வேணாம் மனே. சும்மா இருந்த கிழவனுக்கு ஒரு வேலை தந்தாய். ஆனா ஒண்டு. அரிசி விக்கிற பக்கத்தில மூடை எண்ணிக்கைக்கு முன்னால ஒரு கழித்தல் குறி போட்டுப் பாத்தன். கழித்தல் 3 மூடை சம்பா. உன்ட புரோகிராம் முகம் சுழிக்கேல்ல. ஹாஜியார் எனக்கு மூண்டு மூடைக் காசு தரவேணும் எண்டு பில் அடிச்சு, இருப்பிலயும் மூண்டு மூடையக் கூட்டி வச்சிற்று. மில்லுட சீலும் அதிலயே அச்சாகி வந்திருக்கு. அத மடிச்சு மடிக்குள்ள வச்சிருக்கன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு அவர் நல்ல மனசோட வாற நேரம் பாத்து நீட்டலாம் எண்டு இருக்கன். நீயும் பக்கத்தில நில்லு, "சிஸ்டம் சரி" எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்.